போர் ஓய்ந்த ஊரில் ஒரு பலகாரக் கடையால் என்ன ஆகும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கேட்டவர் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவர். காரைக்குடியில் பி.காம். படித்திருக்கிறார். அவருடைய அம்மா இங்கே பலகாரம் செய்து விற்கும் ஒரு வீட்டில் பல வருடங்களாக வேலை பார்க்கிறார். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். குடும்பம் இப்போது கிளிநொச்சிக்குத் திரும்புகிறது. அங்கே போய் ஒரு சின்னப் பலகாரத் தொழில் தொடங்க எண்ணியிருக்கிறார்கள். அவர் கேட்பது: "இது எங்கள் வயிற்றுப்பாட்டுக்கு மட்டும்தானா? போர் முடிந்த ஒரு நாடு மறுபடி சண்டைக்குள் போகாமல் இருக்க இந்த மாதிரிச் சின்னத் தொழில்களால் உண்மையிலேயே ஏதாவது ஆகுமா? இல்லை, அது பெரிய கூட்டங்களில் பேசுகிற பேச்சு மட்டும்தானா?"

ஆகும் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாத் தொழிலாலும் ஆகாது, தானாகவும் ஆகாது. சில தொழில் ஊரை நிலைக்க வைக்கும். சில தொழில் அதே ஊரைக் கலைத்துவிடும். இரண்டுக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் காரைக்குடியில் மளிகை, இரும்பு, ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியவன். எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது கடைப் பொறுப்பாளரான மேலாளுக்கு உதவியாளாக இருந்தவர். எனக்கு உலகம் தெரிந்ததெல்லாம் கணக்குப் புத்தகத்தின் வழியாகத்தான்.

சின்னத் தொழில் வேலை கொடுக்கும், வேலை கிடைத்த இளைஞன் துப்பாக்கி எடுக்க மாட்டான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது பாதிதான். உங்கள் கடை நாலு பேருக்கு வேலை கொடுக்கும். நாலு பேரை வைத்து ஒரு நாடு நிலைத்துவிடாது. அந்த நாலு பேரைச் சுற்றி அரிசி கொடுக்கிறவர், விறகு போடுகிறவர், எண்ணெய்க்காரர், பெட்டிக்கடைக்காரர், கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுக்கிற வீடு என்று நாற்பது பேர் வருவார்கள். அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் தரவேண்டியதும் வரவேண்டியதுமாக ஒரு கணக்கு எப்போதும் திறந்தே இருக்கும். ஊரை நிறுத்தி வைப்பது அந்தத் திறந்த கணக்குதான் என்பது என் கருத்து.

காரைக்குடியில் பழைய மளிகைக் கடை ஏதாவது ஒன்றில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் பற்று நோட்டுகள் தொங்கும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. 'அம்மன் கோயில் தெரு டெய்லர்', 'பால்கார வீடு' என்று அடையாளம் மட்டும்தான். து.பருப்பு அரை, ந.எண்ணெய் ஒன்று, சோப்பு இரண்டு என்று பென்சிலில் இறங்கிக்கொண்டே போகும். சம்பளத் தேதிக்கு வீட்டுக்காரர் வருவார், கூட்டிப் பார்ப்பார், ஒரு தொகையைக் கட்டுவார், மீதி 'முன்பாக்கி' என்று அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். முழுசாகத் தீர்ப்பவர்கள் குறைவு. கடைக்காரருக்கும் முழுசாகத் தீர்க்க வேண்டும் என்ற அவசரம் இருக்காது. பாக்கி இருக்கும்வரை அந்த வீடு வேறு கடைக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு வரிக்குள் எத்தனை நம்பிக்கை இருக்கிறது பாருங்கள். அடுத்த மாதம் இந்தக் கடை இங்கே இருக்கும், அந்த வீடும் இங்கே இருக்கும், தகராறு வந்தால் தீர்த்துவைக்கத் தெருவில் நாலு பெரியவர்கள் இருப்பார்கள். போர் முதலில் அழிப்பது இதைத்தான். 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில் போக வேண்டியதாயிற்று. நாளைக்குச் சரக்கு வருமா என்று தெரியாத கடைக்காரர் கடன் கொடுக்க மாட்டார். அதற்குத் தெற்கே, கிளிநொச்சியும் அடங்கிய வன்னியின் நிலைமை அதைவிடக் கொடுமை. 2009ல் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வவுனியா மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கத்து முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். கடைக்காரரும் அங்கே, கடன்காரரும் அங்கே, நோட்டு போன இடம் தெரியாது. ஊர் திரும்பியபோது எல்லா வியாபாரமும் கைக்குக் கை ரொக்கம்தான்.

அதனால் ஒரு ஊர் தேறிவருகிறதா என்று அறிய எனக்கு ஒரு கேள்வி போதும்: கடைக்காரர் எத்தனை நாள் கடன் கொடுக்கிறார்? ரொக்கம் மட்டும்தான் என்றால் ஊருக்குப் பயம் இன்னும் தெளியவில்லை. வாரக்கடன் வந்துவிட்டது என்றால் மூச்சு விட ஆரம்பித்துவிட்டது. அறுவடைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் சரி என்று எழுதிக்கொண்டால், அடுத்த அறுவடை நடக்கும் என்று இரண்டு பேர் நம்புகிறார்கள்.

இது வெறும் கணக்கப்பிள்ளையின் எண்ணம் என்று தள்ளிவிட வேண்டாம். லைபீரியாவில் 2003ல் போர் ஓய்ந்தது. பழைய போராளிகள் பலர் சட்டத்துக்குப் புறம்பாகச் சுரங்கம் தோண்டுவதிலும் ரப்பர் திருட்டிலும் இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு விவசாயப் பயிற்சியும் தொழில் தொடங்கக் கொஞ்சம் முதலும் கொடுத்தார்கள். கிறிஸ்டோபர் பிளாட்மன், ஜீனி ஆனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெற்றவர்கள் பழைய வேலையை அடியோடு விட்டுவிடவில்லை; ஆனால் அதற்குச் செலவழித்த நேரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்தச் சமயத்தில், 2011ஐ ஒட்டி, பக்கத்து ஐவரி கோஸ்டில் சண்டை மூண்டு, கூலிக்குச் சண்டை போட ஆள் தேடினார்கள். யார் போகத் தயங்கினார்கள் தெரியுமா? தருவதாகச் சொன்ன தொழில் முதலின் ஒரு பங்கு இன்னும் கைக்கு வராமல், வரும் என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம் தயங்கினார்கள். கைக்கு வந்து முடிந்துபோன உதவி செய்யாததை, வரவேண்டிய பாக்கி செய்திருக்கிறது. நம் மளிகைக் கடைக்காரருக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படவே மாட்டார்.

அடுத்து பார்க்க வேண்டியது, அந்தக் கணக்கு யாருக்கும் யாருக்கும் நடுவே திறந்திருக்கிறது என்பது. ருவாண்டாவில் 1994ல் நடந்த இனப்படுகொலையில் சுமார் நூறு நாளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களின் குடும்பமும் பிழைத்த விதவைகளும் ஒரே குன்றில் அக்கம்பக்கமாக வாழ வேண்டியிருந்தது. 2000க்குப் பிறகு அங்கே காப்பிப் பழத்தைக் கழுவிப் பதப்படுத்தும் நிலையங்கள் நிறையத் தோன்றின. பறித்த காப்பிப் பழத்தை அன்றைக்கே தோல் நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ருசி கெட்டு விலை இறங்கிவிடும். அதனால் பகையும் பயமும் இருந்தாலும் சாயங்காலத்துக்குள் எல்லோரும் கூடையோடு ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே ஒரே மேஜையைச் சுற்றி நின்று கொட்டை பொறுக்கினார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, வருமானம் கூடியவர்களிடமும் நிலையத்தில் நெடுநாள் பழகியவர்களிடமும் மற்ற இனத்தார் மீதான விலகல் குறைந்திருந்ததாகச் சொன்னார்கள். ருவாண்டாவில் இனத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே ஆட்கள் அஞ்சுவார்கள் என்பதால் அந்தப் பதில்களைக் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் காரணம் எனக்குப் புரிகிறது. யாரும் அவர்களைக் கட்டிப்பிடித்துச் சமாதானமாகுங்கள் என்று சொல்லவில்லை. பழம் கெட்டுப்போகும் முன்னே சேர்ந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போஸ்னியாவில் இதற்கு இன்னொரு பக்கம் தெரிந்தது. 1995 டிசம்பரில் போரை முடித்த உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, பிர்ச்கோ நகரத்துக்குப் பக்கத்தில், அமெரிக்க ராணுவம் 'அரிசோனா' என்று பெயர் வைத்திருந்த சாலை ஓரத்தில் ஒரு சந்தை கூடியது. போரிட்ட செர்பியர், குரோஷியர், போஸ்னிய முஸ்லிம்கள் என்ற மூன்று இனத்தாரும் அங்கே வந்து மாடும் சிகரெட்டும் துணியும் விற்றார்கள், பேசினார்கள். ராணுவச் சாவடி பக்கத்தில் இருந்ததால் தைரியம். சீக்கிரமே அதே சந்தை கடத்தலுக்கும், பெண்களை விற்கும் கொடுமைக்கும் இடமாகிவிட்டது. பிறகுதான் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். வியாபாரம் மனிதர்களைச் சந்திக்க வைக்கும். அவர்களை நல்லவர்களாக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. கண்காணிக்க ஒரு நிர்வாகமும், தவறென்று சொல்ல ஒரு வியாபாரிகள் சங்கமும் கூடவே வேண்டும்.

சரி, இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு அதுதான் மிக முக்கியமான பதில் என்று நினைக்கிறேன்.

1929–30ல் பர்மாவில் விசாரணை நடத்திய வங்கிக் குழு, அங்கே சுமார் 1,650 நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வட்டிக் கடைகள் இருந்ததாகவும் அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்குச் சொன்னது. ஐராவதி டெல்டாவில் காட்டையும் சதுப்பையும் வயலாக்கிய குடியானவருக்கு ஆங்கிலேய வங்கி கடன் கொடுக்காது. எங்கள் ஆட்கள் கொடுத்தார்கள். உள்ளூர் வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் கூடி நடப்பு வட்டியைப் பேசி நிர்ணயிப்பார்கள், பெரிய கடையும் சின்னக் கடையும் அதை ஒட்டியே நடக்கும். பேரேடு ஒரு பைசா பிசகாது. தொழில் நேர்மையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மேலாளும் அடுத்தாளும் மூன்று வருடக் கணக்கில்தான் போவார்கள். குடும்பம் இங்கே. கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார்கள், வேறு ஆள் போவார். லாபம் இங்கே வந்தது. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் நிற்கிற பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வருகிறவர்கள் வியக்கிறார்கள். நானும் அந்த அழகை நேசிக்கிறவன்தான். அந்த லாபத்தில் ஒரு நல்ல பங்கு பர்மாக்காரர் கண்முன்னே பள்ளிக்கூடமாகவும் ரைஸ் மில்லாகவும் எழும்பியிருந்தால் பிறகு நடந்தது வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கோயில் கட்டினார்கள், வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி மகமை எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி நம்மவர்களுக்கே போனது.

உலகப் பொருளாதார மந்தம் வந்து 1930ல் நெல் விலை சரிந்தது. குடியானவரால் கட்ட முடியவில்லை. பத்திரத்தில் இருந்தபடி நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1938க்குள் அது 25 சதவீதமாகிவிட்டது. நிலம் அவர்கள் ஆசைப்பட்ட சொத்து இல்லை. பணமாகப் புரள வேண்டியது மண்ணாக முடங்கிப்போனது. ஆனால் வரப்பில் நின்று பார்க்கிற விவசாயிக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? தன் பாட்டன் வெட்டித் திருத்திய வயல், முகம் தெரியாத ஒரு மேலாள் பெயரில் இருக்கிறது. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கலகம் வெடித்தது. அந்தப் பத்தாண்டு முழுக்க இந்தியர் மேல் வெறுப்பு வளர்ந்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது பெரும் கூட்டம் காடும் மலையும் நடந்து ஊர் வந்தது. 1948ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1960களில் மிஞ்சிய கடைகளும் போயின.

தம் பங்குக்கு எல்லாம் முறைப்படி செய்தவர்கள்தான். கணக்கு சரியாக இருந்தது. உறவு ஒருபக்கமாக இருந்தது. கொடுத்தவர் அந்த ஊரில் வேர் விடவில்லை. வாங்கியவருக்குத் தன்னுடையது என்று எதுவும் மிஞ்சவில்லை. நெருக்கடி வந்தபோது, விட்டுக்கொடுத்துக் காத்திருக்கலாம் என்று நினைக்க எந்தப் பக்கத்துக்கும் காரணம் இல்லாமல் போனது.

இதே கதை, இன்னும் கசப்பாக, நீங்கள் போகிற மண்ணிலேயே நடந்திருக்கிறது. போர் முடிந்து வீதி திறந்ததும் வடக்குக்கு முதலில் ஓடி வந்தவற்றில் வண்டியும் சாமானும் தவணைக்குத் தருகிற லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் உண்டு. கணவனை இழந்து, வீட்டை இழந்து, கோழி வளர்க்கலாமா தையல் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்காமலே கடன் கிடைத்தது. வாரா வாரம் தவணை. கோழி முட்டையிடும் முன்பே முதல் தவணை வந்துவிடும். அதைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. வசூலுக்கு வருகிறவர்கள் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு அசைய மாட்டார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. 2018ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய 1 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக இலங்கை அரசே அறிவிக்க வேண்டி வந்தது. 2021ல் பொலநறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் பெண்கள் இதற்காக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிங்களப் பெண்கள். தமிழ்த் தாயும் சிங்களத் தாயும் ஒரே வசூல்காரருக்குப் பயந்திருக்கிறார்கள்.

ஆக, சின்னத் தொழிலுக்குக் கடன் கொடுத்தாலே அமைதி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மளிகைக் கடைப் பற்றும் கடன்தான், நுண்கடனும் கடன்தான். பற்று எழுதுகிற கடைக்காரர் உங்கள் தெருவில் இருக்கிறார், உங்கள் வீட்டுக் காய்ச்சல் அவருக்குத் தெரியும், இந்த மாதம் பாதி கட்டினால் போதும் என்பார். மற்றவருக்கு மாத முடிவில் மேலதிகாரியிடம் காட்ட வேண்டிய எண் மட்டும்தான் தெரியும்.

இனி உங்கள் கடைக்கு வருவோம். முதல் காரியம், மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறீர்கள் என்பது. பலகாரத்துக்கு வேண்டியது பச்சரிசி, உளுந்து, எண்ணெய், வெல்லம், தேங்காய். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற நெல் இருக்கிறது. உளுந்து வவுனியாவில் விளைகிறது. நல்லெண்ணெய்க்கு எள் அந்தப் பக்கமே கிடைக்கும். இனிப்புக்குச் சர்க்கரையோடு பனங்கட்டியும் (நம் பக்கத்துக் கருப்பட்டி) சேர்த்துப் பாருங்கள். பனை கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வாங்கினால் மரம் ஏறுகிறவர் வீட்டுக்குப் போகும். தேங்காய் குருநாகல், புத்தளம் பக்கத்திலிருந்து லாரியில் வரும். கொண்டுவருகிறவர் சிங்களவராகவோ முஸ்லிமாகவோ இருப்பார். மொத்தக் கடையில் எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்கினால் வேலை சுலபம், விலையும் கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் இரண்டு மூன்று பொருளையாவது நேரில் வாங்குங்கள். பாதி ரொக்கம், பாதி வாரக் கணக்கு என்று பேசுங்கள். சொன்ன நாளில் சொன்ன தொகை போய்விட வேண்டும். ஆறு மாதம் அப்படி நடந்தால், தட்டுப்பாடு வரும்போது அந்தத் தேங்காய்க்காரர் உங்களுக்கு ஒரு மூட்டை ஒதுக்கி வைப்பார். 2022ல் இலங்கையில் டாலர் இல்லாமல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோது எத்தனையோ சின்னத் தொழில் முடங்கிப்போனது. அப்படி ஒரு நேரத்தில் ஒரு வியாபாரியிடம் இருக்கிற ஒரே சொத்து இந்தப் பழக்கம்தான்.

அடுத்து, யாருக்கு வேலை கொடுக்கிறீர்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற கோடுகள்தான் வெளியூர்க்காரர் கண்ணுக்குப் படும். ஊருக்குள்ளே வேறு கோடுகளும் இருக்கின்றன. தமிழருக்கு எதிரான 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு, தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து ஓடிவந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் பல, இன்றும் காணியில்லாமல் கூலி வேலையில்தான் இருக்கின்றன. ஊரில் கிடந்து கடைசிவரை குண்டுக்குள் இருந்தவர்கள் ஒரு பக்கம், உங்களைப் போல இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். 'நாங்கள் செத்துப் பிழைத்தோம், நீங்கள் அங்கே இருந்தீர்கள்' என்ற மனத்தாங்கல் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் இருக்கும். இன்னொரு பக்கம், புனர்வாழ்வு முகாம் முடித்து வெளியே வந்த முன்னாள் போராளிகள், சுமார் 12,000 பேர். அவர்களில் பெண்களும் உண்டு. விசாரணைக்கு ஆள் வரும், நமக்கேன் வம்பு என்று பலர் அவர்களுக்கு வேலை கொடுப்பதில்லை. நாலு பேரை வைக்கப்போகிறீர்கள் என்றால் நாலு பேரையும் சொந்தத்திலேயே எடுக்காதீர்கள். மாவு பிசைகிற இடத்தில் மலையகக் குடும்பத்துப் பெண் ஒருவரும் அந்த ஊரிலேயே இருந்து பிழைத்த ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். சம்பளத்தைச் சனிக்கிழமை தவறாமல் கொடுங்கள், எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வருடக்கணக்காக நிவாரணமும் வாக்குறுதியும் மட்டுமே பார்த்த ஊரில், சொன்ன நாளில் சொன்ன காசு வருவது சின்ன விஷயமில்லை.

காணி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். உங்கள் அப்பாவின் காணியில் இத்தனை வருடத்தில் இன்னொரு குடும்பம் குடியிருக்கலாம். அவர்களும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்களாக இருக்கலாம். தொழிலை அந்தக் காணியில்தான் தொடங்குவேன் என்று நின்றால் முதல் நாளே ஊர் இரண்டுபடும். வாடகை இடத்தில் அடுப்பைப் பற்றவையுங்கள். காணிப் பிரச்சினையைக் கிராம சேவகர் மூலமும் பிரதேச செயலகத்திலும் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், தனிக் கடையாக எவ்வளவு நல்லபடி நடந்தாலும் ஓர் அளவுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. போர்க்காலத்தில் வன்னிக்குப் போகிற வருகிற சரக்குக்குப் புலிகள் வரி வாங்கினார்கள். போருக்குப் பிறகு ஏ9 ஓரத்தில் ராணுவமே சிற்றுண்டிக் கடைகளும் பண்ணைகளும் நடத்தியது. ஆள் சம்பளமும் இடமும் அரசுடையதாக இருக்கும்போது, அந்த விலைக்கு ஒரு விதவைத் தாயின் கடை எப்படிப் போட்டி போடும்? இதையெல்லாம் ஒரு கடைக்காரர் தனியாக எதிர்த்துப் பேச முடியாது. வணிகர் சங்கம் பேசலாம். வடக்கில் கூட்டுறவுக்கு நல்ல பழக்கம் உண்டு. சங்கக்கடை என்றால் குழந்தைக்கும் தெரியும். போனவுடன் அங்கே உறுப்பினராகுங்கள். எங்கள் பக்கத்து மகமை முறையை அங்கே சொல்லிப் பாருங்கள்: விற்பனையில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு கடையும் ஒதுக்கி, அந்தப் பணத்தில் தெருவிளக்கு, ஒரு பொதுக் கிணறு, பள்ளிக்கூடத்துக்குக் காலை உணவு என்று எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் செய்வது. எல்லோருக்கும் என்பது முக்கியம். பர்மாவில் எங்கள் ஆட்கள் விட்ட இடம் அதுதான்.

கடன் வேண்டுமென்றால் முதல் வருடம் வெளியில் வாங்காமல் பாருங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வாங்குங்கள், வாரத் தவணை வேண்டாம். பலகாரத் தொழில் வாரா வாரம் ஒரே மாதிரி ஓடாது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் தலைக்கு மேல் ஆர்டர் வரும். இடையில் எண்ணெய்ச் சட்டி ஏறாத நாளும் வரும். தவணை அந்த ஓட்டத்துக்குப் பொருந்த வேண்டும். காரைக்குடியில் பலகாரம் போட்டுப் பிழைக்கிற பெண்களைக் கேளுங்கள். முதலில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்து, அந்த முன்பணத்தில் சாமான் வாங்கி, மிச்சத்தில் அடுத்த சட்டி வாங்கி வளர்ந்தவர்கள்தான் அதிகம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனையும் செய்த கடைகளும் எரிந்திருக்கின்றன. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் கடைகளைத் தேடி எரித்தது. அந்தக் கடைகளில் பலவற்றில் சிங்களவர் வேலை பார்த்தார்கள், சிங்களவர்தான் வாடிக்கையாளர். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் அவகாசம். தலைமுறையாகத் தையலும் இரும்பும் லாரியுமாக வியாபாரம் செய்தவர்கள் உடுத்த துணியோடு போனார்கள். 2014ல் அளுத்கம, 2018ல் திகன, 2019 மே மாதம் குருநாகல் பக்கம் என்று முஸ்லிம் கடைகள் மறுபடி மறுபடி தாக்கப்பட்டன. ஆயுதம் உள்ளவர்கள் முடிவெடுத்துவிட்டால், அரசு கைகட்டி நின்றால், பற்று நோட்டு யாரையும் காப்பாற்றாது. போலீசும் நீதிமன்றமும் காணிச் சட்டமும் அரசியல் தீர்வும் செய்ய வேண்டிய வேலையைச் சின்ன வியாபாரிகள் தலையில் கட்டுவது அநியாயம். அரசும் நன்கொடை அமைப்புகளும் அதைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு தையல் மெஷினைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால், காணாமல்போன அவள் மகனைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னதாகாது.

சின்னத் தொழில் செய்யக்கூடியது வேறு. ஒரு வதந்தி கிளம்புகிற அன்று, அது ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், "அவரா? அவரை எனக்குத் தெரியுமே, நேற்றுத்தான் அரிசி போட்டுவிட்டுப் போனார்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரால் பெரிய நெருப்பை அணைக்க முடியாது. சின்னப் பொறிகள் பலவற்றை மிதித்துவிட முடியும். வெளியே தெரியாமலே போகிற அந்தப் பொறிகள்தான் அதிகம். அந்த அளவில் உங்கள் கடையால் நிச்சயம் ஆகும்.

போவதற்கு முன் காகித வேலைகளை இங்கிருந்தே முடித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பிறந்த உங்களுக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகச் செய்ய வேண்டும். அது இல்லாமல் அங்கே அடையாள அட்டையும் கிடைக்காது, வங்கிக் கணக்கும் சிக்கலாகும். படித்த சான்றிதழ்களுக்கு இங்கேயே சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். அங்கே போனதும் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, பிரதேச சபையில் உரிமம் எடுங்கள். சாப்பாட்டுத் தொழில் என்பதால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து அடுப்படியைப் பார்ப்பார். அவர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. அம்மாவின் தேன்குழல் அச்சையும் சீப்புச்சீடைப் பலகையையும் இங்கேயே நல்லதாகப் பார்த்து இரண்டு செட் வாங்கிக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிற நாளைப் பார்த்துப் போனால் விமானத்தைவிடச் சாமான் கூடுதலாக எடுத்துப் போகலாம். எவ்வளவு எடை அனுமதிக்கிறார்கள் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.